வாகனக் கெமரா: நமக்கும் எதிராகப் பேசும் சாட்சி

வீதியில் இரண்டு வாகனங்கள் மோதிக்கொண்டால் பொலிஸார் வந்து சேர்வதற்கு முன்பே கூட்டம் கூடிவிடும். தீர்ப்பும் அங்கேயே சொல்லப்பட்டுவிடும். பெரிய வாகனத்தின் சாரதிதான் குற்றவாளி. வெளியூர்க்காரன்தான் பிழை செய்தவன். உரத்துப் பேசுபவர்தான் நியாயவான். நடந்ததை உள்ளபடி கண்ட ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருக்கக்கூடும். ஆனால் "பிறகு கோடு கச்சேரி என்று அலைய வேண்டி வருமே" என்று அவர் மெதுவாக நகர்ந்துவிடுவார்.

விபத்து ஒன்று நடந்து முடிய இரண்டு மூன்று செக்கன்கள் போதும். சத்தம் கேட்ட பிறகுதான் நாம் திரும்பிப் பார்க்கிறோம். ஆகவே "கண்ணால் கண்டேன்" என்று சொல்பவரும் பெரும்பாலும் மோதலுக்குப் பிந்திய காட்சியையே கண்டிருப்பார். மோதலுக்கு முந்திய அந்தச் சில செக்கன்களைப் பதிந்து வைப்பதற்காக வந்த கருவிதான் வாகனக் கெமரா. இதை 'டேஷ் கேம்' என்கிறோம். ஜப்பானியக் கார்களோடு வந்த பெயர் 'டிரைவ் ரெக்கோடர்'. தென்கொரியாவிலோ விமானக் கருவியின் பெயரால் 'பிளக் பொக்ஸ்' என்றே அழைக்கிறார்கள்.

நமது நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய கார் ஒன்றின் விலைகூட ஒரு காணியின் விலையோடு போட்டியிட்டது. அதனால் "நம் வாகனத்துக்கும் ஒரு கெமரா பூட்டினால் என்ன?" என்ற பேச்சு பல வீடுகளில் எழுந்திருக்கிறது. பூட்டுவதற்கு முன் அது எப்படி வேலை செய்கிறது, எதைக் காணும், எதைக் காணாது, அது யாருக்குச் சாட்சி என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

அழித்து அழித்து எழுதும் கருவி

வாகனத்தின் எஞ்சின் இயங்கத் தொடங்கியதும் கெமராவும் பதியத் தொடங்கும். ஒரே நீண்ட வீடியோவாக அல்லாமல், ஒரு நிமிடம், மூன்று நிமிடம் அல்லது ஐந்து நிமிடத் துண்டுகளாகப் பதியும். மெமரி கார்ட் நிறைந்ததும் மிகப் பழைய துண்டை அழித்து அந்த இடத்தில் புதியதை எழுதும்.

ஒரு கார்டில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை நாமே கணக்கிடலாம். 1920 × 1080 பிக்சல் கொண்ட வீடியோ செக்கனுக்கு 15 மெகாபிட் என்ற வீதத்தில் பதியப்படுவதாகக் கொள்வோம். எட்டு பிட் ஒரு பைட் ஆகும். ஆகவே செக்கனுக்கு ஏறத்தாழ 1.9 மெகாபைட்; மணித்தியாலத்துக்கு 6.75 கிகாபைட். இதன்படி 64 கிகாபைட் கார்ட் ஒன்று ஒன்பது மணித்தியாலங்கள் அளவில் கொள்ளும். பின்பக்கமும் ஒரு கெமரா இருந்தால் அதில் பாதிதான். கண்டியிலிருந்து கொழும்புக்குப் போய் வந்து, மறுநாளும் ஓடிவிட்டு, "நேற்றைய வீடியோவைப் பார்ப்போம்" என்று தேடினால் அது அழிந்து போயிருக்கலாம்.

விபத்துக் காட்சி அப்படி அழியாமலிருக்க கெமராவுக்குள் ஓர் ஆர்முடுகல் உணரி இருக்கிறது. நமது பௌதிகவியல் பாடத்தில் வரும் அதே ஆர்முடுகல்தான். திடீர் பிரேக், மோதல் போன்றவற்றால் வாகனத்தின் வேகம் சட்டென்று மாறும்போது, அந்த நேரத்துத் துண்டைக் கெமரா பூட்டி வேறாக வைத்துவிடும். இந்த உணரியை மிகக் கூர்மையாக வைத்துவிட்டால் இன்னொரு தொல்லை வரும். நமது வீதிகளில் உள்ள ஒவ்வொரு குழியையும் அது விபத்தென்று எண்ணி வீடியோவைப் பூட்டும். பூட்டிய துண்டுகளாலேயே கார்ட் நிறைந்தால் புதிய பதிவுக்கு இடமிருக்காது. ஆகவே உணர்திறனை நடுத்தரமாக வைப்பதும், மாதமொரு முறை தேவையானவற்றைப் பிரதி எடுத்துவிட்டுக் கார்டை 'போர்மட்' செய்வதும் அவசியம்.

வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: உள்ளே இருப்பது லிதியம் பற்றரியா, கொள்ளளவியா? வெயிலில் நிறுத்திய வாகனத்தின் முன்கண்ணாடி அருகே வெப்பநிலை 60 பாகை செல்சியஸையும் தாண்டலாம். அந்த வெப்பத்தில் லிதியம் பற்றரி நாளடைவில் பழுதாகி வீங்கக்கூடும். கொள்ளளவி சில செக்கன்களுக்குரிய மின்சாரத்தையே சேமிக்கும். ஆனால் மோதலில் மின்தொடர்பு அறுந்தால் கடைசித் துண்டைச் சரியாக எழுதி முடிக்க அது போதும். வெப்பத்தையும் நன்றாகத் தாங்கும். மெமரி கார்டும் அப்படியே. இடைவிடாமல் எழுதி அழிப்பதைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்ட கார்டுகள் உள்ளன. கைத்தொலைபேசிக்கு வாங்கிய சாதாரண கார்டைப் போட்டால், அது பழுதானது தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.

படங்களை எண்ணினால் கதி தெரியும்

பெரும்பாலான கெமராக்கள் செக்கனுக்கு 30 படங்கள் எடுக்கின்றன. மணிக்கு 60 கிலோமீற்றர் கதியில் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 16.7 மீற்றர் கடக்கும். அப்படியானால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அது நகரும் தூரம் அரை மீற்றருக்குச் சற்றுக் கூடுதல். இந்தக் கணக்கை நான் புத்தகத்துக்கு வெளியே செய்து பார்க்க நேர்ந்த சந்தர்ப்பம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் மாமா கடைகளுக்குச் சாமான் விநியோகிக்கும் வேன் ஓட்டுபவர். ஒரு நாள் மாலை, நகரத்துக்குள், குறுக்கு ஒழுங்கையிலிருந்து நிற்காமல் வெளியே வந்த மோட்டார் சைக்கிளொன்று அவரது வேனில் மோதியது. ஓட்டி வந்த இளைஞனின் கால் முறிந்தது. கூடிய கூட்டம் வேன்தான் பிழை என்றது. அடிக்கவும் முற்பட்டார்கள். மாமாவின் வேனில் கெமரா இருந்தது. ஒழுங்கையிலிருந்து மோட்டார் சைக்கிள் நிற்காமல் வந்தது அதில் தெளிவாகத் தெரிந்தது. வீட்டில் எல்லோருக்கும் பெரிய ஆறுதல்.

"நாப்பதுக்கு மேல நான் போகவே இல்ல மகள்" என்று மாமா சொன்னார். அவரது கெமராவில் ஜீபீஎஸ் இல்லாததால் கதி பதிவாகவில்லை. எனவே வீடியோவில் தெரிந்த இரண்டு மின்கம்பங்களுக்கு இடையிலான தூரத்தை என் நானா நாடாவால் அளந்து வந்தார். 32 மீற்றர். முதல் கம்பம் படத்தின் ஓரத்தைத் தாண்டியதிலிருந்து இரண்டாவது கம்பம் அதே இடத்துக்கு வரும்வரை நான் படங்களை எண்ணினேன். 66 படங்கள். அதாவது 2.2 செக்கன். 32ஐ 2.2ஆல் வகுத்தால் செக்கனுக்கு 14.5 மீற்றர், மணிக்கு 52 கிலோமீற்றர். மக்கள் செறிந்த பகுதியில் வேனுக்குரிய எல்லை 50.

மாமா பொய் சொல்லவில்லை. தான் 40இல் போனதாகவே அவர் நம்பியிருந்தார். இப்போது வீட்டில் வேறு பேச்சு எழுந்தது. வீடியோவை முழுதாகக் கொடுப்பதா, மோட்டார் சைக்கிள் வரும் அந்த ஐந்து செக்கன்களை மட்டும் வெட்டிக் கொடுப்பதா? "பொலிஸ் என்ன, கம்பத்த எண்ணிக்கிட்டு இருக்கப் போகுதா?" என்றார் ஒருவர். சாரதி அனுமதிப்பத்திரம் போனால் மாமாவின் வீட்டில் அடுப்பு எரியாது என்பதும் உண்மை. மாமா நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "உள்ளத உள்ளபடி குடுப்பம். அந்தப் பொடியன்ட உம்மாவும் கேட்டுக்கிட்டுத்தானே இருப்பா" என்று சொல்லிக் கார்டோடு எழுந்து போனார்.

வழக்கு முடியச் சில மாதங்கள் எடுத்தன. இரண்டு பக்கத்திலும் பிழை இருப்பது ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் யார் சொல்வது உண்மை என்ற சண்டை முதல் வாரத்திலேயே ஓய்ந்துவிட்டது. அந்த இளைஞனின் வீட்டாரும் வீடியோவைப் பார்த்தார்கள். அதன் பிறகு யாரும் யாரையும் ஏசவில்லை.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான சூறத்துல் பகராவின் 282ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் அதற்குச் சாட்சிகளை ஏற்படுத்துவதையும் பற்றியது. மனிதன் மறப்பவன் என்பதால்தான் எழுத்தும் சாட்சியும் தேவைப்படுகின்றன. சூறா அன்னிஸாவின் 135ஆவது வசனமோ, சாட்சியம் நமக்கோ நம் பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக அமைந்தாலும் நீதியில் நிலைத்திருக்கச் சொல்கிறது. வாகனக் கெமரா வாங்கும் ஒவ்வொருவரும் இந்த இரண்டாவதை மறக்கக் கூடாது என்பது என் எண்ணம். கெமரா எதிரே வருபவரை மட்டும் பதிவதில்லை. நமது கதியையும், நாம் கடந்த சிவப்பு விளக்கையும், வெள்ளைக் கோட்டையும் சேர்த்தே பதிகிறது.

கெமரா காணாதவை

இந்தச் சாட்சிக்கும் குறைகள் உண்டு. அதன் வில்லை அகன்ற கோணம் கொண்டது. 140 பாகை வரை பரந்து பார்ப்பதால் தூரத்துப் பொருள்கள் உண்மையைவிடச் சிறிதாகவும் தள்ளியும் தெரியும். முன்னே போகும் வாகனத்துக்கு இருந்த இடைவெளியை வீடியோவைப் பார்த்துக் கண்மட்டத்தில் சொல்வது ஆபத்து. இரவில் ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் ஒளி தேவைப்படுவதால் வேகமாகச் செல்லும் வாகனத்தின் இலக்கத் தகடு மங்கிவிடும். மழையும் அழுக்குக் கண்ணாடியும் எதிர்வெயிலும் மேலும் கெடுக்கும்.

இன்னொரு விந்தையும் உண்டு. எல்ஈடி வீதிச் சமிக்ஞை விளக்குகள் பல, நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிபவை. விளக்கு அணைந்திருக்கும் கணத்தில் கெமரா படமெடுத்தால், எரிந்துகொண்டிருந்த விளக்கு வீடியோவில் எரியாதது போலவோ மின்னுவது போலவோ தோன்றும். இதைத் தவிர்ப்பதற்காகவே ஜப்பானில் செக்கனுக்கு 27.5 படங்கள் எடுக்கும் கெமராக்களையும் செய்கிறார்கள்.

ஜப்பானிலிருந்து வந்த காரில் ஏற்கெனவே கெமரா பூட்டியிருந்தால் அதன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஜப்பான் நேரம் நம்முடையதைவிட மூன்றரை மணித்தியாலம் முந்தியது. மாலை 6 மணி விபத்து இரவு 9.30 என்று பதிவாகியிருந்தால், எதிர்த் தரப்பின் முதல் கேள்வி அதிலிருந்துதான் வரும்.

நிறுத்திய வாகனத்துக்குக் காவல்

எஞ்சினை நிறுத்திய பின்பும் காவல் காக்கும் வசதி சில கெமராக்களில் உண்டு. யாராவது வாகனத்தில் இடித்தால் அல்லது முன்னால் அசைவு தெரிந்தால் அது விழித்துப் பதியும். இதற்கு வாகனத்தின் பற்றரியிலிருந்து நேரடி மின்சாரம் வேண்டும்.

இங்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 5 உவாற்று கெமரா 12 வோல்ற்றில் ஏறத்தாழ 0.4 அம்பியர் எடுக்கும். ஓர் இரவு, அதாவது 12 மணித்தியாலத்துக்கு 5 அம்பியர் மணித்தியாலம். சிறிய காரின் பற்றரி 35 அல்லது 40 அம்பியர் மணித்தியாலம் கொண்டது. மூன்று நாள் ஓடாமல் நின்றால் ஏறத்தாழ 30 போய்விடும். நான்காம் நாள் கார் 'ஸ்டார்ட்' ஆகாது. ஆகவே பற்றரியின் அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் அமைப்போடுதான் பூட்ட வேண்டும். வயரைக் கண்ணாடி ஓரத் தூணுக்குள் செலுத்தும்போது அங்குள்ள காற்றுப்பைக்கு இடையூறு வரக்கூடாது. அதனால் இதை அறிந்த மின்னியலாளரிடம் கொடுப்பதே நல்லது. கெமரா சாரதியின் பார்வையை மறைக்காமல் பின்நோக்குக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

கெமரா திருடனைத் தடுக்காது. காட்டித் தரவே முயலும். பக்கவாட்டில் கதவை உடைப்பவன் அதன் கண்ணில் படமாட்டான். அவன் கெமராவையே கழற்றிக்கொண்டு போனால் சாட்சியும் அவனோடு போய்விடும். வாகனம் எங்கே போகிறது என்று அறிய வேண்டுமானால் அதற்கு ஜீபீஎஸ் கருவி வேறாகத் தேவை. நல்ல பூட்டும், வெளிச்சமான தரிப்பிடமும், ஆசனத்தில் பையை விட்டுப் போகாத பழக்கமும் கெமராவுக்கு முன்னால் வரவேண்டியவை.

உலகமும் சட்டமும்

வீதிக்காக வைத்த கெமராக்கள் வானத்தையும் பதிந்திருக்கின்றன. 2013 பெப்ரவரி 15ஆம் திகதி ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் எரிகல் வெடித்தபோது, போலி விபத்து மோசடிகளுக்குப் பயந்து சாரதிகள் பூட்டியிருந்த ஏராளமான கெமராக்கள் அதைப் படம்பிடித்தன. அந்த வீடியோக்களைக் கொண்டு விஞ்ஞானிகள் எரிகல் வந்த பாதையைக் கணக்கிட்டனர். 2015 பெப்ரவரி 4ஆம் திகதி தாய்வானின் தாய்பே நகரில் பயணிகள் விமானமொன்று மேம்பாலத்தைத் தட்டி ஆற்றில் வீழ்ந்த கணமும் காரிலிருந்த கெமராவில் பதிவானது. அதில் 43 பேர் இறந்தனர்.

ஆனால் எல்லா நாடுகளும் இதை ஒரே மாதிரி ஏற்கவில்லை. ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் 2018 மே 15ஆம் திகதி ஒரு தீர்ப்பு வழங்கியது. காரணமின்றித் தொடர்ந்து பதிந்து வைப்பது தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரணானது. இருந்தும் விபத்து வழக்கில் அந்த வீடியோவைச் சான்றாக ஏற்கலாம் என்று அது கூறியது. சாரதியின் உரிமையையும் வீதியில் போகும் மற்றவரின் உரிமையையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்த தீர்ப்பு இது.

நமது நாட்டில் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம், நிகழ்வு நடக்கும்போதே பதியப்பட்ட ஒலி, ஒளிப் பதிவுகளை நிபந்தனைகளோடு நீதிமன்றத்தில் சான்றாக ஏற்க இடமளிக்கிறது. மறுபக்கம், தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டமொன்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கமாக நிறைவேற்றப்பட்டுள்ளது.

வேனுக்குள் திரும்பிய கண்

எங்களில் பலருக்கு இது நீதிமன்ற விடயம் அல்ல. தினமும் காலையில் ஏறும் வேனின் விடயம். நான் போய்வரும் பாடசாலை வேனில் சென்ற வருடம் இரண்டு கெமராக்கள் பூட்டப்பட்டன. ஒன்று வீதியைப் பார்த்தது. மற்றது எங்களைப் பார்த்தது, ஒலியையும் பதிந்தது. பெற்றோர் மகிழ்ந்தனர். சின்னப் பிள்ளைகள் கதவருகே நிற்பது தெரியும், வழியில் ஏதும் நடந்தால் தெரியும் என்றார்கள். அது நியாயம்தான்.

ஆனால் நாங்கள் அந்த வேனில்தான் களைத்துத் தூங்குகிறோம். வியர்வையில் பர்தாவைச் சரிசெய்கிறோம். வீட்டுக் கவலைகளைத் தோழியிடம் சொல்கிறோம். இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்? பல கெமராக்களை வைஃபை மூலம் தொலைபேசியோடு இணைக்கலாம். அவற்றின் ஆரம்பக் கடவுச்சொல் 12345678 போன்ற இலகுவான ஒன்று. மாற்றாமல் விட்டால் பக்கத்தில் நிற்பவரும் திறந்துவிடலாம்.

மூத்த மாணவிகள் நாங்கள் உம்மாமாரிடம் இதைச் சொன்னோம். அவர்கள் வேன் நானாவோடு பேசினார்கள். அவர் கோபிக்கவில்லை. "நானும் மூணு பொம்புளப் புள்ளைகள்ட வாப்பாதான்" என்றார். இப்போது உள்கெமரா கதவையும் படியையும் மட்டும் பார்க்கிறது. ஒலிப்பதிவு நிறுத்தப்பட்டுள்ளது. கடவுச்சொல் மாற்றப்பட்டது. ஏதும் நடந்தால் பெற்றோர் ஒருவர் முன்னிலையில்தான் கார்டைப் பார்ப்பது என்று பேசி முடித்தார்கள். வேனில் கெமரா இருக்கிறது என்று கதவில் ஓர் அறிவித்தலும் ஒட்டியிருக்கிறது. பாதுகாப்பும் குறையவில்லை, எங்கள் மரியாதையும் குறையவில்லை.

சூறா அல்ஹுஜுராத்தின் 12ஆவது வசனம் பிறரைத் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. வீதியில் விழுந்து கிடப்பவரின் வீடியோவை வட்ஸ்அப் குழுக்களில் பரப்புவதும் அதற்குள் அடங்கும் என்றே நான் நினைக்கிறேன். அந்த முகத்தை அவரது பிள்ளை முதன்முதலில் ஒரு தொலைபேசித் திரையில் காண நேரலாம். கார்டில் உள்ளது அமானிதம். அது போக வேண்டிய இடங்கள் பொலிஸ், காப்புறுதி நிறுவனம், நீதிமன்றம் ஆகியவை மட்டுமே.

விபத்து நேர்ந்தால்

முதலில் காயமடைந்தவரைக் கவனிக்க வேண்டும். அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. கெமரா அதற்குப் பிறகுதான். அதன் பூட்டும் பொத்தானை அழுத்தி, பதிவை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்தபின் கார்டைக் கழற்றி வையுங்கள். இல்லையெனில் வீடு திரும்பும் வழியிலேயே பழைய துண்டுகள் அழியத் தொடங்கும். கெமராவின் நேரத்துக்கும் சரியான நேரத்துக்கும் வித்தியாசம் இருந்தால் எழுதி வையுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி சுருக்கப்பட்டுத் தெளிவிழந்துவிடும்; மூலக் கார்டே சான்று. வெட்டாமல், ஒட்டாமல், மோதலுக்கு முன்னும் பின்னும் உள்ள துண்டுகளோடு அதைப் பாதுகாக்க வேண்டும்.

கெமரா வாங்கப் போகும் வாப்பாவிடமோ நானாவிடமோ நாம் கேட்கக்கூடிய கேள்விகள் சில உள்ளன. வெப்பத்தைத் தாங்குமா? கார்ட் தரமானதா? நேரம் சரியா? அதன் கண் யார் பக்கம் திரும்பியிருக்கிறது? இவற்றுக்குக் கடைக்காரரும் பதில் சொல்வார். கடைசிக் கேள்விக்கு மட்டும் வாகனத்தின் சொந்தக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும்: பிழை நம் பக்கம் என்று அது காட்டினாலும் கார்டை முழுதாகக் கொடுப்பீர்களா? அதற்கு இப்போதே "ஆம்" என்று சொல்ல முடிந்தவர், முன்னே கெமரா இருப்பதால் அல்லாமல், தானாகவே கொஞ்சம் மெதுவாக ஓட்டத் தொடங்கியிருப்பார்.